மஸ்கட் பெட்டி மரம்

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து நாட்களின் முதல் ஞாயிறு. காலையில் கோயிலுக்குப் போகும்போதே தெருவில் நாலைந்து வீடுகளில் ஸ்டார் ஏறியிருந்தது. இன்னும் மழை விட்டபாடில்லை, அதற்குள் என்ன அவசரமோ. காகித ஸ்டாரைக் கட்டுவார்கள், அது நனைந்து கிழியும், பிறகு ஐயோ போச்சே என்பார்கள். இந்தத் தெருக்காரர்களுக்கு வருஷா வருஷம் இதே பிழைப்பு.

எங்கள் வீட்டில் இந்த வருஷம் ஸ்டார் கிடையாது. மே மாதம் என் தம்பி பொன்சிங் மஸ்கட்டில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். வருஷம் திரும்புகிறவரை துக்க வீட்டில் ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை, புது உடுப்பு எடுப்பதில்லை. நானா இந்தச் சட்டத்தைப் போட்டேன்? பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் எல்லாரும் செய்கிறதுதான். எல்லாரும் என்று சொல்லக்கூடாது. கனகம் டீச்சர் வீட்டில் சார் இறந்த வருஷமே வாசலில் ஸ்டார் தொங்கியது. புருஷன் போய் ஆறு மாசம் ஆகவில்லை, இதென்ன கூத்து என்று நான் பெண்கள் சங்கத்தில் வாய்விட்டே சொன்னேன். அப்படிச் சொன்னவள் வீட்டில் ஒரு சின்ன விளக்கு மினுங்கினாலும் ஊர் சும்மா இருக்குமா?

தம்பி மகள் கெசியாவுக்கு ஆறு வயசு. சாப்பிடும்போது கேட்டாள், "ஸ்டார் இல்லாட்டா கேரல் பாடுறவங்களுக்கு நம்ம வீடு எப்படி அத்தை தெரியும்?" தெரியவே வேண்டாம், இந்த வருஷம் அவர்கள் வரமாட்டார்கள் என்றேன். அவள் அம்மா சுகிர்தா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

சுகிர்தாவின் அண்ணன் ஐசக் கோயம்புத்தூரிலிருந்து பேசினார். அவர் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இவளுக்கு டீச்சர் வேலை இருக்கிறதாம். பி.எட். படித்துவிட்டு எத்தனை நாளைக்கு மைனி தைக்கிற உடுப்புக்குப் பட்டன் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாய் என்று கேட்டாராம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, கிறிஸ்துமஸுக்குள் உண்டு இல்லை என்று சொல்லிவிடு என்றாராம்.

"நீங்க என்ன சொல்லுதீங்க மைனி?" என்று என்னைக் கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? அவளும் பிள்ளையும் இங்கே இருந்தால் என்ன, கோயம்புத்தூரில் இருந்தால் என்ன. அப்பா அம்மா போன பிறகு கல்யாணம் காட்சி என்று ஒன்றும் பார்க்காமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் நான். எனக்குத் தனியாக இருக்கத் தெரியாதா?

மதியம் ஒரு ஃப்ராக்கின் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துச் சரிபண்ணவே சாயங்காலமாகிவிட்டது.

டிசம்பர் 4, புதன்

தையல், தையல், தையல். இந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கிறிஸ்துமஸ் உடுப்பு என் மெஷினில்தான். கெசியா மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத் துணியைப் பொறுக்கிக்கொண்டு, இது யாருக்கு, இது யாருக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தனக்கு எங்கே என்று மட்டும் கேட்கவில்லை. சுகிர்தா சொல்லிவைத்திருப்பாள்.

டிசம்பர் 7, சனி

பரணில் ஒரே தூசி. பொன்சிங்கின் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன்.

ஜூன் மாத லீவுக்கு என்று அவனே கட்டி வைத்திருந்த பெரிய அட்டைப்பெட்டி. அவன் உடம்பு முதலில் வந்தது, பெட்டி ஒரு மாதம் கழித்து வந்தது. அறையில் கூட இருந்தவர்கள் அனுப்பினார்கள். உள்ளே இருந்த போர்வை, பால்பவுடர், கெசியாவின் பொம்மை எல்லாம் எப்போதோ எடுத்தாயிற்று. இப்போது வெறும் பெட்டிதான். ஒரு பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் தன் பேர், அப்பா பேர், தெரு, ஊர், ஏர்போர்ட் எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறான். வழியில் தொலைந்துவிடக்கூடாது என்று பேருக்குக் கீழே இரண்டு கோடு வேறு. போன் வந்த பிறகு யார் கடிதம் எழுதுகிறார்கள்? அவன் கைபட எழுதியது என்று இந்த வீட்டில் நான் பார்க்க இதுதான் இருக்கிறது.

போன வாரமும்தான் துடைத்தேன். இந்த மழைக்காலத்தில் எங்கிருந்து இவ்வளவு தூசி சேருகிறதோ.

டிசம்பர் 9, திங்கள்

மழை. துணி காயவில்லை. சுகிர்தா இன்னும் ஐசக்குக்குப் பதில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

எழுத்து கோணலாக விழுகிறது. ஆத்திரத்தில்தான்.

தைத்து முடித்த உடுப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கூடத்தில் அட்டைத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அம்மாவும் மகளும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பேர் கையிலும் பச்சைப் பெயின்ட். நடுவில் கெசியா உயரத்துக்கு ஒரு மரம். பரணை அண்ணாந்து பார்த்தேன். பெட்டி இல்லை.

மரத்தை நன்றாகத்தான் செய்திருந்தாள், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அட்டையில் ஒரே அளவாக இரண்டு மரம் வெட்டி, இரண்டிலும் பாதி வரை கீறி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்தாள். எந்தப் பக்கம் சுற்றி வந்து பார்த்தாலும் மரமாகவே தெரிந்தது. மடித்துச் செய்த ஒரு பீடத்தில் ஆடாமல் நின்றது.

"இது துக்க வீடுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"வெளிய ஒண்ணும் வைக்கலையே மைனி. உள்ளதான. பிள்ளைக்காகத்தான்" என்றாள்.

"என் துணிக் கத்திரியையா அட்டைக்கு எடுத்தே?"

எனக்கு வாயில் வந்தது கத்திரிதான். பெட்டியைப் பற்றிக் கேட்க வரவில்லை. அவன் எழுதின பக்கம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது, வெட்டியாச்சு, பச்சை அடித்தாச்சு. கட்டினவளுக்கே அந்த எழுத்து வேண்டாம் என்றால் அக்காக்காரி என்ன செய்ய முடியும்?

சுகிர்தா எழுந்து கத்திரியைத் துடைத்து என் மெஷின்மேல் வைத்தாள். என்னமோ சொல்ல வாயெடுத்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

மரத்தில் தொங்கவிடப் பாசிமணி இருக்கிறதா என்று கெசியா கேட்டாள். இல்லை என்றேன். மூன்று டப்பா நிறைய இருக்கிறது.

சாக்லேட் காகிதத்தை உருட்டி உருட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

டிசம்பர் 14, சனி

இன்று சாயங்காலம் பெண்கள் சங்கத்து ஜெபம் எங்கள் வீட்டில். துக்க வீடு என்று அவர்களாகவே கேட்டு வைத்தார்கள். கனகம் டீச்சர்தான் இந்த வருஷம் தலைவி. கூடத்தில் பச்சைப்பசேலென்று மரம் நிற்கிறது. அவர் வந்து அதைப் பார்த்துவிட்டு, ஏன் எப்சிபா, அன்றைக்கு என்னைச் சொன்னாயே என்று ஒரு பார்வை பார்த்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

சுகிர்தா கெசியாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தாள். ஞாயிறு பள்ளி நாடகத்துக்கு ஒத்திகை, கெசியா அதில் ஆட்டுக்குட்டி. மதியத்திலிருந்தே மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த துணியையெல்லாம் எடுத்து வந்து கட்டில்மேல் போட்டேன். பாயையும் எடுத்தேன். வற்றல் போட்டிருந்த முறத்தையும் எடுத்தேன். மரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜெபம் முடிகிறவரைக்கும்தான். அவர்கள் போனதும் எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

இரண்டாவது பாட்டு பாடும்போது மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கத் தகரத்தில் சடசடவென்று விழுந்தது. ஜெபம் நடக்கும்போது நடுவில் எழுந்து போகிற வழக்கம் எனக்கு இல்லை. கனகம் டீச்சர் நீளமாக ஜெபித்தார். பொன்சிங் பேரைச் சொல்லி, சுகிர்தா பேரைச் சொல்லி, பிள்ளை பேரைச் சொல்லி ஜெபித்தார். எல்லாரும் காப்பி குடித்துவிட்டுக் குடை பிடித்துப் போனார்கள். அதற்குப் பிறகு டம்ளர்களைக் கழுவ வேண்டியிருந்தது.

அவர்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு வந்தார்கள். கெசியா கூடத்தைப் பார்த்தாள், நேரே பின்பக்கம் ஓடினாள். மரம் கல்லின் மேல் சாய்ந்து, தண்ணீரில் ஊறித் தொளதொளவென்று கிடந்தது. பச்சையெல்லாம் வழிந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. வாயைத் திறந்து அப்படியே நின்றாள்.

"மழை இப்படிப் பிடிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றேன். சளி பிடித்துவிடும் என்று அவளை உள்ளே இழுத்து வந்து தலையைத் துவட்டி, கட்டிலில் கிடந்த மஞ்சள் ஃப்ராக்கை எடுத்து மாட்டிவிட்டேன். அவள் அந்த ஃப்ராக்கைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இது நனையவே இல்லையே அத்தை. கொடியிலதான கெடந்துது?"

அவள் வித்தியாசமாக ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் எதையாவது கேட்கும். சுகிர்தா வாசலில் நின்று தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

துணி எடுப்பது கைப்பழக்கம். வானம் கறுத்தால் கை தானாகப் போகும். அட்டை மரத்தை எடுத்து யாருக்குப் பழக்கம்? இதைப் போய் ஒரு பெரிய விஷயமாக்கி!

சாப்பிட்ட பிறகு நான் படுத்துவிட்டேன். சுகிர்தா மட்டும் கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னத்துக்கோ தெரியவில்லை. கரன்ட் வீண்.

டிசம்பர் 15, ஞாயிறு

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

கோயிலுக்குப் போய்வந்து பின்பக்கத்தைக் கூட்டினேன். மரத்தை அள்ளிக் குப்பையில் போடலாம் என்று தூக்கினால் பீடம் தனியாகக் கழன்று வந்தது. தண்ணீர் தேங்கின இடத்திலேயே இருந்ததால் அதுதான் ரொம்ப ஊறியிருந்தது. கனமாக இருக்கிறதே என்று மடிப்பைப் பிரித்தேன்.

உள்பக்கத்தில் அவன் எழுத்து.

சுகிர்தா அந்தப் பக்கத்தை வெட்டவே இல்லை. முழுசாக எடுத்து, எழுத்து உள்ளே வருகிற மாதிரி மடித்து, பெயின்ட் படாமல் பீடமாக வைத்திருக்கிறாள். மரம் முழுக்க அதன்மேல்தான் நின்றிருக்கிறது. நான் பிரிக்கப் பிரிக்க மேல்தாள் அட்டையை விட்டு உரிந்து என் விரலோடு வந்தது. ஒட்டவைக்கப் பார்த்தேன். கூழாகிவிட்டது. கடைசியில் அந்த இரண்டு கோட்டில் கொஞ்சம் மிஞ்சியது, அதற்கு மேலே இருந்த பேர் இல்லை.

பக்கத்தில் கெசியா வந்து நின்றாள். நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல. "பரவால்ல அத்தை" என்றாள். "அப்பா வேற பெட்டியில செய்யச் சொல்லுவாங்க."

அப்பாவா என்றேன். அப்போதுதான் சொன்னாள். பொன்சிங் அந்தப் பெட்டியைக் கட்டும்போது போனில் அவளுக்குக் காட்டினானாம். இதில் உனக்குப் பொம்மை வருது, பொம்மைய எடுத்திட்டு கிறிஸ்துமஸுக்கு இந்தப் பெட்டியிலயே மரம் செய்வோம், எப்படிச் செய்யணும்னு அம்மாவுக்குச் சொல்லித் தாரேன் என்றானாம். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுவதை விரலை வைத்துக் காட்டினானாம். இப்படி என்று கெசியாவும் விரலால் எனக்குக் காட்டினாள்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். நான்தான் உள்ளே போய்விட்டேன்.

டிசம்பர் 16, திங்கள்

சுகிர்தா ஐசக்குக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். என் முன்னால் நின்றுதான் பேசினாள்.

இட்லிக்கு அரைத்தேன். மாவு பொங்கவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

கேரல்காரர்கள் வந்தார்கள். துக்க வீட்டுக்கு வந்தால் மேளம் அடிக்காமல் ஒரு பாட்டு மெதுவாகப் பாடி ஜெபித்துவிட்டுப் போவது வழக்கம். அதுகூட வேண்டாம் என்று போன மாதமே நான் சொல்லியிருந்தேன். சொன்னால் சொன்னபடி செய்கிற பையன்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் மேளத்தை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்கள். அடுத்த வீட்டு வாசலில் மறுபடி மேளம். கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் வீசினார்.

கெசியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "நம்ம வீடு தெரியல போல" என்றாள். நான் வாசலுக்குப் போய் ஒரு சத்தம் கொடுத்தால் திரும்பி வந்திருப்பார்கள். போகவில்லை.

டிசம்பர் 21, சனி

போய்விட்டார்கள். ஐசக் வந்து ரயிலில் கூட்டிப் போனார். பண்டிகைக்கு அங்கே, பள்ளிக்கூடம் திறந்ததும் டி.சி. வாங்கவும் மிச்சச் சாமான் எடுக்கவும் ஒரு தடவை வருவார்கள்.

இரண்டு தோசை சுட்டேன். ஒன்றுதான் இறங்கியது.

டிசம்பர் 23, திங்கள்

தைக்க வேண்டியதெல்லாம் முடிந்தது. மளிகைக் கடையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி வந்தேன். என்னத்துக்கு என்று கடைக்காரர் கேட்டார். பழைய துணி போட என்றேன். வாய்க்குப் பொய்தான் சுலபமாக வருகிறது.

தையல்காரிக்கு அட்டை எம்மாத்திரம் என்று நினைத்தேன். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாக்குக்கட்டியால் கோடு போட்டேன், என் துணிக் கத்திரியாலேயே வெட்டினேன். கத்திரி முனை மழுங்கியே போய்விட்டது, போகட்டும். இரண்டு அட்டையையும் மேலிருந்தே கீறிவிட்டு ஒன்றுக்குள் ஒன்றைச் செருகப் பார்த்தால் எங்கே போகும்? முட்டிக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு எப்படி என்று சுகிர்தாவைக் கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பாள். கெசியா விரலால் காட்டினது ஞாபகம் வந்து, ஒன்றை ஒட்டி மறுபடி கீழிருந்து கீறினேன்.

அந்த நேரம் பார்த்துக் கனகம் டீச்சர் பேத்தி ஃப்ராக்கை வாங்க வந்துவிட்டார். மறைக்க இடம் இல்லை. கூடம் முழுக்க அட்டை, என் மூக்கில் பச்சைப் பெயின்ட். என்ன கேட்கப் போகிறாரோ என்று நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போன மரம் என்ன ஆச்சு?" என்றார்.

எந்த மரம் என்றேன்.

"அன்னைக்கு ஜெபத்துக்கு முன்னால பின்பக்கம் கால் கழுவப் போனேன்ல. கல்லுகிட்ட நின்னுது. எவ்வளவு அழகா செஞ்சிருக்காங்க, வானம் இப்படி இருக்க இதை ஏன் வெளிய வச்சிருக்கான்னு நெனச்சேன். உள்ள எடுத்து வைக்கலாமான்னு கேக்க வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் பாட்டு எடுத்துட்டாங்க."

அவர் பார்க்கக்கூடாது என்றுதான் தூக்கி வெளியே வைத்தேன். அவர் பார்த்துவிட்டார், பிடித்தும் இருந்திருக்கிறது. இந்த வெட்கக்கேட்டை யாரிடம் போய்ச் சொல்ல?

பிறகு தானாகவே சொன்னார். அவர் வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டினது சார் சாகும்போது சொல்லிவிட்டுப் போனதற்காகவாம். பிள்ளைகள் இருக்கிற வீடு இருட்டாகக் கிடக்கக்கூடாது என்று சொன்னாராம். "நீ பேசினதும் காதுக்கு வந்துது எப்சிபா. நான் அதை அன்னைக்கே விட்டுட்டேன். நீதான் இன்னும் பிடிச்சு வச்சிருக்க போல" என்றார். ஃப்ராக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 24, செவ்வாய்

மரம் நிற்கிறது. கொஞ்சம் இடது பக்கம் சாய்கிறது. இந்த வருஷம் தைத்த உடுப்புகளின் வெட்டுத் துணியையெல்லாம் இலை மாதிரி கத்தரித்து மைதாப் பசையில் ஒட்டினேன். மூன்று டப்பாப் பாசியையும் கோத்துச் சுற்றினேன். பரணிலிருந்து பழைய ஸ்டாரை எடுத்து வாசலில் கட்டினேன். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். பார்க்கட்டும்.

சாயங்காலம் சுகிர்தா வீடியோவில் கூப்பிட்டாள். என்ன இருந்தாலும் பண்டிகைக்குக் கூப்பிடுகிறாள். கெசியா வந்ததும் போனைத் திருப்பி மரத்தைக் காட்டினேன்.

"அது யாரு வீட்டு மரம் அத்தை?"

"நம்ம வீட்டு மரம்தான்."

"நம்ம மரம் நனஞ்சு போயிட்டுல்லா" என்றாள்.

அதற்குப் பிறகு அங்கே இருக்கிற பிள்ளைகளோடு விளையாட ஓடிவிட்டாள். சுகிர்தா கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தாள். "சாப்பிட்டீங்களா மைனி?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

டிசம்பர் 25, புதன்

விடியற்காலை ஆராதனைக்குப் போய்வந்தேன். எங்கள் பெஞ்சில் நான் ஒருத்திதான்.

ஜனவரி 3, வெள்ளி

வருஷா வருஷம் பொன்சிங் யாரிடமாவது கம்பெனி டைரி கொடுத்துவிடுவான். இதுதான் கடைசி. புது டைரி வாங்கப் போகவில்லை. பின்னால் முகவரி எழுத விட்டிருக்கிற பக்கங்களில் எழுதுகிறேன்.

நேற்று வந்தார்கள், இன்று மதியம் டி.சி. வாங்கியாயிற்று. சுகிர்தா பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தாள். கெசியா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு துணியாகத் தொட்டு, இது ஜெனோ அக்காவோடது, இது டெய்சியோடது, இது டீச்சர் பேத்தியோடது என்று சரியாகச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு மரத்தை மறுபடி ஒரு சுற்று சுற்றினாள்.

"என் துணி எங்க அத்தை?"

தெருவில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் தைத்தேன். என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கர்ச்சீப் தைக்கவில்லை. அவள் துணி எப்படி மரத்தில் இருக்கும்? உனக்குத் தைக்கவில்லையே கண்ணு என்றேன். அவள் யோசித்தாள். உள்ளே போய் அந்த மஞ்சள் ஃப்ராக்கை எடுத்து வந்தாள். "இது எனக்குச் சின்னதாயிட்டு. இதுல வெட்டிக்கோங்க" என்றாள்.

வெட்டி உச்சியில் ஒட்டினேன். பாதி நாள் காய வேண்டும், தொடாதே என்றேன். அவள் ஊதிக்கொண்டே நின்றாள்.

சுகிர்தா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளையை எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சொன்னேன்.

"மழை வருதுன்னு தெரிஞ்சுதான் சுகிர்தா அதை வெளிய விட்டேன். நெனச்சா எடுத்திருக்கலாம். எடுக்கல."

"தெரியும் மைனி" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கையில் இருந்த சேலையை மடித்து முடித்தாள்.

"அன்னைக்கே நீங்க சொல்லுவீங்கன்னு லைட்டைப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க அண்ணன்கிட்ட வரலன்னு சொல்லியிருப்பேன். இங்க இருக்கத்தான் எனக்கும் ஆசை."

அவள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கரன்ட் வீண் என்று இந்த டைரியில்தான் எழுதியிருக்கிறேன்.

போக வேண்டாம் என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒப்புக்கொண்டாச்சு மைனி, திங்கட்கிழமை சேரணும், கோடை லீவுக்குப் பிள்ளையைக் கொண்டுவாரேன் என்றாள். எழுத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானே எடுத்து வந்து காட்டினேன். காயவைத்துப் பைபிளுக்குள் வைத்திருந்த அந்த ஒரு துண்டு, இரண்டு கோடு. அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

ஜனவரி 4, சனி

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். கோடை லீவுக்கு வரும்வரை மரத்தைக் கலைக்கக்கூடாது என்று கெசியா ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள். சரி என்றேன்.

ஜனவரி 18, சனி

பண்டிகை முடிந்து எவ்வளவு நாளாயிற்று, இன்னும் அட்டை மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். உனக்கென்ன வந்தது என்றேன்.

மைதாப் பசைக்குப் பூச்சி வரும். அதனால் வெயில் நன்றாக அடித்தால் மரத்தைப் பின்பக்கம் கல்லுக்குப் பக்கத்தில் காயவைத்து, கூடவே இருந்து பார்த்து எடுத்து வருகிறேன். இன்று துணியும் துவைத்துப் போட்டிருந்தேன். கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலை, போர்வை, தலையணை உறை எல்லாம் கொடியில் கிடந்தன. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றேன், காலமில்லாக் காலத்தில் திடீரென்று தகரத்தில் சடசடவென்று சத்தம்.

ஓடினேன். மரத்தைத்தான் முதலில் தூக்கினேன். முந்தானையை அதன்மேல் போட்டு மூடிக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு சொட்டுப் படவில்லை. உச்சியில் மஞ்சள் துணியைத் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

துணியெல்லாம் நனைந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. இது நனையவே இல்லையே அத்தை என்று பார்த்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.